கடலும் பாலையும் சேரும் லக்பத்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் குஜராத்தின் கட்ச்காரர்கள். "ஒருதரம் எங்க ஊரைப் பாத்துட்டு வாங்க" என்ற அவர்களின் நச்சரிப்பு தாங்காமல்தான் பாந்த்ரா டெர்மினஸில் கட்ச் எக்ஸ்பிரஸ் ஏறினோம். புஜ்ஜில் இறங்கி, கார் பிடித்து லக்பத் பக்கம்.

தங்கியது புங்கா எனும் வட்ட மண்குடிலில். 2001 நிலநடுக்கத்தில் கான்கிரீட் கட்டடங்கள் சரிந்தபோதும் இவற்றில் பல நின்றன. வட்டச் சுவர் அதிர்வை ஒரே மூலையில் தாங்காமல் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். செம்பூரில் இருபதாவது மாடிக்குப் பணம் கட்டியவர்கள் இதை யோசிக்க வேண்டாம், தூக்கம் கெடும்.

லக்பத் ஒரு காலத்தில் பணம் கொழித்த துறைமுகம். சிந்துவின் கிளையாறு ஒன்று இங்கே வந்தது. 1819 நிலநடுக்கத்தில் வடக்கே நிலம் மேடாக எழும்பியது. 'அல்லா பந்த்', அதாவது கடவுள் கட்டிய அணை, என்று அதற்குப் பெயர். தண்ணீர் போனது, வியாபாரிகளும் போனார்கள். நீண்ட கோட்டை மதில் மட்டும் மிச்சம். ஏறி நின்றால் எதிரே கோரி கழி, சேறு, உப்பு, காற்று. உள்ளே குருநானக் தங்கியதாக நம்பப்படும் குருத்வாரா. லங்கர் சாப்பாடு அருமை!

பக்கத்து நாராயண் சரோவர் சரணாலயத்தில் சின்காரா மான்கள் உண்டு. புலி, சிங்கம் கேட்பவர்களுக்கு இது சரிப்படாது.

போவதென்றால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். எல்லைப் பகுதி, அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.