பூசை எத்தனை மணிக்கு?

போன வருடம் ஒரு ராத்திரி 11 மணிக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பிரசவத்துக்குச் சேர்த்திருந்த மகளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டுமாம். "உங்க கோயில் பசங்க ரத்தம் குடுக்கறாங்கன்னு சொன்னீங்களே சார்" என்றார். சொன்னது நான்தான். எங்கள் பங்கின் இளைஞர்கள் அப்போதுதான் ஒரு இணையதளம் தொடங்கியிருந்தார்கள். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் அதில் இருப்பதாகப் பூசை முடிவில் அறிவிப்பும் செய்தார்கள்.

போனில் திறந்தேன். திருவிழாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருந்தன. மேல் மூலையில் மூன்று கோடு. அதைத் தொட்டால்தான் மற்ற பக்கங்களின் பெயர் வரும் என்பது எனக்குத் தெரியாது. கீழே கீழே தள்ளிப் பார்த்தேன். வாழ்த்துச் செய்தி, மறுபடி படங்கள். 20 நிமிடம் போயிற்று. அதற்குள் அவர் மகன் நண்பர்களுக்குப் போன் போட்டு ஆளைப் பிடித்துவிட்டான். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அவர் என் போனையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையன்களிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, "நீங்களே வந்து உட்காருங்க சார்" என்று கூப்பிட்டார்கள். பனித்திட்டில் என் வீட்டுத் திண்ணையில் மூன்று மாலை உட்கார்ந்தோம்.

அவர்களுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். 1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைத் தலைமையிடமாக வைத்து நம் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவனுக்கு அது போதும். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குப் போன் செய்ய, மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊர் ஜனங்களை வெளியேற்றினார்கள். வந்தவனுக்கு வேண்டியது முதலில் காதில் விழ வேண்டும். இணையதளத்துக்கும் அதே கணக்குதான் என்றேன்.

சோதித்துப் பார்க்க, பக்கத்துத் தெருப் பாட்டியம்மாவிடம் போனைக் கொடுத்து, "ஞாயிறு பூசை எத்தனை மணிக்குன்னு பாருங்க" என்றோம். யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. பையன்களுக்கு அதுதான் பெரிய தண்டனை! தளத்தில் 'திருப்பலி' என்று எழுதியிருந்தது. பாட்டி 'பூசை'யைத் தேடினார். இப்போது இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

நேர அட்டவணையில் இன்னொரு வேடிக்கை. யாரோ பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தளத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரிகிறது. அதனால் தாளைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடினால் அகப்படாது. கண் தெரியாதவர்களுக்குப் போன் படித்துச் சொல்லும் வசதியும் அதில் தடுமாறும். யூனிகோடில் திருப்பி அடித்தோம். ஒரு மணி நேர வேலை.

ரத்தப் பட்டியலில்தான் சண்டை வந்தது. கொடுப்பவர்கள் பெயர், போன் நம்பர் எல்லாம் ஊர் உலகம் பார்க்கும்படி இருந்தன, பெண் பிள்ளைகளுடையதும்கூட. அன்று ராத்திரி இருந்த பதற்றத்தில் அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. ஒரு பெண்ணின் அப்பா வந்து சத்தம் போட்ட பிறகுதான் உறைத்தது. "நம்பரை எடுத்துட்டா அப்புறம் எதுக்கு சார் பட்டியல்?" என்றான் ஒருவன். அதுவும் நியாயம். கடைசியில் பட்டியலை இயக்கத்தின் நோட்டில் வைத்துக்கொண்டு, முகப்பில் இரண்டு பொறுப்பாளர் நம்பரை மட்டும் போட்டோம், அவர்கள் சம்மதத்துடன். தொட்டால் போன் போகும். ராத்திரியில் போனை அணைக்கக் கூடாது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவனுடைய அம்மாவுக்கு இதில் இன்னும் வருத்தம்தான்.

திருவிழாப் படங்கள் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டன. மூன்று கோட்டை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், எல்லாத் தளத்திலும் அப்படித்தானாம். சரி, அதற்குப் பக்கத்தில் 'பக்கங்கள்' என்று தமிழில் எழுதுங்கள் என்றேன். எழுதிவிட்டார்கள்.