மூடினால் போய்விடும் பெட்டி

பாட்டி பேசிய 11 நிமிடங்களை நான்தான் அழித்தேன். நிரலில் பிழை இருந்ததால் அல்ல, நிரலை ஒழுங்காக எழுதியதால்.

புக்கிட் தெங்காவில் எங்கள் வீட்டிலிருந்து பத்து காவானுக்குக் காரில் 20 நிமிடம் போதும். பாட்டி பிறந்ததும் பால்மரம் வெட்டியதும் அங்கேதான். இப்போது போனால் 2014இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலம், 2019இல் வந்த ஐக்கியா, வரிசையாகத் தொழிற்சாலைகள். ஒருமுறை அழைத்துப் போனேன். ஐக்கியா கார் நிறுத்துமிடத்தில் இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். “பெரட்டுக்களம் எந்தப் பக்கம்னே தெரியலையே புள்ள.”

செபராங் பிறைக்கு இது புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை, இப்போது தாமானும் தொழிற்பேட்டையும். தோட்டம் போனாலும் அதன் பெயரை விடாமல் பிடித்திருப்பவை தமிழ்ப் பள்ளிகள். பினாங்கில் உள்ள 28இல் பல, ஜூரு தோட்டம், பைராம் தோட்டம் என்று ஏதோ ஒரு லாடாங்கைப் பலகையில் சுமந்துகொண்டிருக்கின்றன. வரைபடத்தில் பள்ளி இருக்கும், லயம் இருக்காது.

அதனால் வார இறுதிகளில் ஒரு வரைபடம் செய்ய ஆரம்பித்தேன். அடியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப், மேலே லீப்லெட். தோட்டம் இருந்த இடத்தில் ஒரு புள்ளி. தொட்டால் ஒரு பாப்அப். அதற்குள் ஒரு பதிவு பொத்தான்: அமுக்கிவிட்டுப் பேசலாம். பாட்டிக்கு எழுதுவது சிரமம், பேசுவது சிரமமே இல்லை.

பொத்தானை அங்கே வைப்பதுதான் பாடு. லீப்லெட்டின் பாப்அப்புக்கு வெறும் எச்டிஎம்எல் சரத்தைக் கொடுக்கலாம். ஊர்ப் பெயர், ஒரு படம் என்றால் அது போதும். ஆனால் என் பொத்தான் ரியாக்டில் எழுதியது. அதைச் சரமாக மாற்றினால் பொத்தானின் உருவம் வரும், உயிர் வராது. அமுக்கினால் ஒன்றும் நடக்காது. பாப்அப்பைப் பிறப்பிப்பதும் முடிப்பதும் லீப்லெட். ரியாக்டுக்கு அது திறந்ததே தெரியாது. ஆகவே காலியான ஒரு டிவ்வைச் செய்து பாப்அப்பிடம் கொடுத்து, திறக்கும்போது அதற்குள் ரியாக்டை நட வேண்டும். மூடும்போது பிடுங்க வேண்டும். பிடுங்காவிட்டால், திறந்து மூடிய ஒவ்வொரு பாப்அப்பின் மிச்சமும் நினைவகத்தில் தேங்கும். வேலையிடத்தில் புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: நட்டால் பிடுங்கு.

பாட்டி பேச ஆரம்பித்தார். நடுவில் மூலையைக் காட்டி, “அது என்ன கொடி?” என்றார். நீலமும் மஞ்சளும். லீப்லெட்டை 2011இல் வெளியிட்ட வொலோதிமிர் அகஃபோன்கின் கீவ்காரர். 2022இல் போர் மூண்ட பிறகு உக்ரைன் கொடி அந்த மூலையில் ஏறியது. சொன்னேன். “பாவம், அவங்க ஊரும் போச்சா” என்றுவிட்டுத் தொடர்ந்தார். அப்போது ஆற்றைத் தாண்டப் படகுதான் என்றார். விடியற்காலைப் பெரட்டு, கிராணியின் சைக்கிள். பிறகு, சாதாரணமாக, தனக்கு ஒரு தங்கச்சி இருந்ததைச் சொன்னார். காய்ச்சலில் போய்விட்டாளாம். கோயிலுக்குப் பின்னால் புதைத்தார்களாம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் அதுவரை தெரியாது.

“கோயிலு இங்கதான் இருந்துச்சு” என்று பாட்டி திரையில் விரலை வைத்தார்.

பாப்அப்புக்கு வெளியே வரைபடத்தைத் தொட்டால் பாப்அப் மூடிக்கொள்ளும். லீப்லெட்டின் இயல்பே அது, நாம் மாற்றினால் ஒழிய. மூடியதும் என் நிரல் தன் கடமையைச் செய்தது. பிடுங்கியது. ஒலிப்பதிவு கருவியும் அதுவரை சேர்ந்த குரலும் அந்தக் கூறுக்குள்ளேயே இருந்தன.

“திரும்பச் சொல்லுங்க பாட்டி.”

சொன்னார். 6 நிமிடம். படகு வந்தது, பெரட்டு வந்தது, கிராணி வந்தார். தங்கச்சி வரவில்லை. மெதுவாகக் கேட்டேன்.

“அதான் சொன்னேன்ல” என்று டீயை எடுத்துக்கொண்டார்.

அன்றிரவே திருத்திவிட்டேன், திருத்தம் சின்னதுதான். வெளித் தொடுகைக்கு மூடாதபடி அமைத்தேன். பதிவைப் பாப்அப்பிலிருந்து எடுத்து, பயன்பாட்டின் மேல்மட்டத்தில் இடத்தின் பெயரோடு கட்டினேன். குரல் ஒவ்வொரு விநாடியும் துண்டு துண்டாக உலாவியின் சேமிப்பில் இறங்குகிறது. பாப்அப் இப்போது வெறும் ஜன்னல். சாத்தினாலும் உள்ளே பேச்சு நடந்துகொண்டிருக்கும். இதை முதல் நாளே செய்திருக்கலாம். எல்லோரும் எழுதுகிறபடி எழுதினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

தங்கச்சியின் பெயரைப் பாட்டி முதல் தடவை சொன்னாரா என்று அம்மாவும் நானும் இன்னும் பேசிக்கொள்கிறோம். சொன்னதாக அம்மாவுக்கு ஞாபகம். என்ன பெயர் என்று இல்லை. பாட்டியிடம் மூன்றாவது தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பாட்டி விரல் வைத்த இடத்தில் ஒரு புள்ளி போட்டிருக்கிறேன். அதன் பாப்அப்பில் எழுதுவதற்கும் ஒரு கட்டம் உண்டு. ‘பாட்டியின் தங்கச்சி’ என்று தட்டிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். மூடித் திறந்தாலும் அது அப்படியே இருக்கிறது.