காது கொடுத்துக் கேட்ட போதகர்

பேருந்து நிலையத்தில் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் ஓடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்குவும் முன்பின் தெரியாதவர்களிடம் சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார். ஆனால் முதலில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் படித்தார். ஊர்மக்களோடு விவாதித்தார், அவர்களுடைய எதிர்க்கேள்விகளையும் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

மதத்தைப் பரப்பும் உரிமையை நம் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தருகிறது. சரிதான். ஆனால் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை எதிரில் நிற்பவருக்கும் உண்டே! பிரசுரம் கொடுப்பவர் ஒரு நிமிடம் நின்று, "ஏன் வேண்டாம்?" என்று சண்டைக்கில்லாமல் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டால், அங்கேதான் பேச்சே தொடங்கும். பிரசுரமும் குப்பைத்தொட்டிக்குப் போகாது.