பால் ஊத்துற நேரம்

முதலில் பார்க்கிறவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். ஒரே வாசலில் நிறைந்த தூக்கோடு சிலர், காலித் தூக்கோடு சிலர். ஊற்ற வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் கலந்து நிற்கிறார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு மயிலம் பக்கமாக உள்ளே ஒதுங்கிய ஊர். ஒற்றை அறைக் கட்டடம். சுவரில் 'பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம்' என்ற எழுத்து பாதி உரிந்துவிட்டது. ஊராருக்கு அது சொசைட்டி. காலை ஆறு மணி.

ஆயா ஒருத்தி முன்னால் நிற்கிறாள். ஒரே மாடு, ஒரே தூக்கு. அவளுக்குப் பின்னால் பைக்கின் இரு பக்கமும் கேன் தொங்கவிட்டு ஒருவர். அவரிடம் மாடு ஏழெட்டு இருக்கும் போலிருக்கிறது. ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. சங்கத்தில் ஒரு மாட்டுக்காரிக்கும் ஒரு ஓட்டு, எட்டு மாட்டுக்காரருக்கும் ஒரு ஓட்டு. அந்தச் சட்டம் இந்த வரிசை வரைக்கும் இறங்கி வந்திருப்பதைப் பார்க்க நன்றாக இருக்கிறது.

உள்ளே மேசை மேல் ஒரு மெஷின். டெஸ்டர் ஆயாவின் பாலில் கொஞ்சம் மொண்டு சின்னக் கப்பில் ஊற்றிக் குழாய்க்கு அடியில் வைக்கிறார். மெஷின் உறிஞ்சுகிறது. சிவப்பு எண்கள் ஓடி நிற்கின்றன. கொழுப்பு, அதாவது ஃபேட், 4.1. கொழுப்பு போக மிஞ்சும் திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப், 8.2. ஒரு துண்டுச் சீட்டு நாக்கை நீட்டுகிறது. கூட்டுறவுக் கணக்கில் பசும்பாலுக்கு 4.3, 8.2 இருந்தால் முழு விலை. குறைந்தால் விலையும் குறையும். இந்தச் சீட்டு எல்லா ஊரிலும் முன்பு கிடையாது. தன் பால் என்ன தேறியது என்று தெரியாமலே வருஷக்கணக்கில் ஊற்றியவர்கள் உண்டு. ஆயா சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில், வெற்றிலைக்கு அடியில், வைத்துக்கொள்கிறாள்.

அடுத்து ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கண்ணாடிக் குழலில் பாலை ஊற்றி லாக்டோமீட்டரை விடுகிறார் டெஸ்டர். 28 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது 22க்கு இறங்கிவிட்டது. பேச்சு அடங்குகிறது. எல்லாருடைய கண்ணும் அந்தக் குழலில்.

"என்னாண்ணே, மாட்டுக்கு நேத்து ரொம்பத் தண்ணி காட்டிட்டியா?"

"வெயிலு காலமாச்சே தம்பி…"

"மாட்டுக்குக் காட்டுண்ணே. சொசைட்டிக்குக் காட்டாத."

சிரிப்பு கிளம்புகிறது. பெரியவரும் சேர்ந்து சிரிக்கிறார், வேறு வழியில்லை. அபராதமும் இல்லை, அறிவுரையும் இல்லை. பால் அவருடைய கேனுக்கே திரும்பிப் போகிறது.

கலப்படத்தைத் திருப்பி அனுப்பும் இந்தக் கண்டிப்பு கூட்டுறவில் பழையது. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேலில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தபோது விற்றது மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி. கலப்படமில்லாத பண்டம், சரியான எடை என்பதுதான் அவர்கள் சொன்ன பெரிய விஷயம். 1904இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலையும் அந்த வழியில் வந்ததுதான். வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு என்றார்கள் ராச்டேல்காரர்கள். இங்கே ஊற்றிய லிட்டருக்கு ஏற்பத் தீபாவளி போனஸ்.

காலித் தூக்குக்காரர்களின் முறை வருகிறது. லோக்கல் சேல். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அரை லிட்டர் வாங்குகிறாள். யார் வீட்டு மாட்டுப் பால் என்று கேட்க முடியாது. ஊரே அந்தக் கேனில் கலந்திருக்கிறது. மூலையில் தீவன மூட்டைகள். வெளியே ஒருவர் சைக்கிளில் கடலைக் கொடி கட்டிப் போகிறார். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்து டி.எம்.வி. கடலை ரகங்கள் பேர்போன மண் இது. கடலை மண்டிக்குப் போகும், கொடி மாட்டுக்கு வரும்.

எதிரே வேப்பமரத்தடியில் இன்னொரு பைக், இன்னொரு கேன். தனியார் வண்டிக்காரர். அவரிடம் டிகிரி பேச்சு குறைவு. கல்யாணச் செலவுக்கு அட்வான்ஸ் கிடைக்கும், பணமும் சீக்கிரம் கைக்கு வரும். சங்கத்துப் பணம் தள்ளிப்போகும் மாதங்களில் மரத்தடியில் கூட்டம் கூடுமாம். 2023 டிசம்பரில் சங்கத்தில் ஊற்றுபவர்களுக்கு அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்த பிறகும் வண்டிக்காரர் இடத்தை விட்டு நகரவில்லை. காலையில் இங்கே, சாயங்காலம் அங்கே என்று இரண்டு பக்கமும் ஊற்றுகிற வீடுகள் உண்டு. அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாட்டுக்குப் போடும் பருத்திக்கொட்டை கடனுக்குக் கிடைத்தால், அப்போது சொல்லிப் பார்க்கலாம்.

விபூதிப் பெரியவர் கேனோடு வேப்பமரம் வரைக்கும் போகிறார். வண்டிக்காரர் மூடியைத் திறந்து விரலை நனைத்துப் பார்த்துவிட்டு என்னவோ சொல்கிறார். பெரியவர் கேனை மூடிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்கிறார்.

சொசைட்டித் திண்ணையில் ஆயா சீருடைப் பெண்ணை மறித்துச் சுருக்குப்பையை அவிழ்க்கிறாள்.

"கண்ணு, இதப் படி."

"ஃபேட்டு நாலு புள்ளி ஒண்ணு ஆயா."

"நேத்து ரெண்டு இருந்திச்சே. நல்லாப் பாத்துப் படி."

"ஒண்ணுதான் ஆயா."

"மகன்கிட்ட புண்ணாக்கு வாங்கியான்னு சொல்லி மூணு நாளாவுது," என்று வீட்டை நோக்கிக் குரல் கொடுத்தபடியே எழுந்துகொள்கிறாள்.