நூறாவது தடவைக்கும் அலுக்காத பாட்டு

கொல்லைக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருக்கிறது. அண்ணன் பையன் புதுச்சேரியில் வேலை பார்க்கிறான். ராத்திரி குயிலாப்பாளையம் வந்து சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஆடுவான். வாள், மந்திரம், பறக்கும் கப்பல், ஏறிச் சவாரி போக மஞ்சள் பறவை என்று ஒரு மாயக் கதை. ஆடுகிறவன் அதில் ஒரு பாத்திரமாகி ஊர் ஊராக அலைய வேண்டும். நான் கதையைப் பார்க்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு பாட்டை மட்டும் கேட்டேன். ஆறு மாசமாக அதே பாட்டுகள். ஒரு நாள்கூட “நிறுத்துடா” என்று சொல்லத் தோன்றவில்லை. கல்யாண மண்டபத்தில் ஒரே சினிமாப் பாட்டை நாலு தடவை போட்டால் எனக்குத் தலை வலிக்கும். இது மட்டும் ஏன் வலிக்கவில்லை?

அவனிடமே கேட்டேன். ரொம்ப குஷியாகிவிட்டான். “சித்தப்பா, இது அப்படித்தான் செஞ்சது” என்று விலாவாரியாகச் சொன்னான்.

முதல் ஆட்டம் 1987 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. இசை நோபுவோ உவேமாட்சு. 1959ல் கோச்சியில் பிறந்தவர். நம்ம கொச்சி இல்லை, ஜப்பானிலும் ஒரு கோச்சி இருக்கிறது. முறையாக யாரிடமும் படிக்காமல் தானாகவே பியானோ கற்றவர். அன்றைய நின்டெண்டோ பெட்டியில் மெட்டு இசைக்க மூன்றே குரல்தான் உண்டு. படம், கதை, இசை எல்லாம் சேர்ந்து மொத்த ஆட்டமும் 256 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வருகிற ‘இனிய காலை வணக்கம்’ படம் சில நாள் அதைவிடப் பெரிசாக இருக்கிறது.

அதனால் பாட்டு நீளமாக இருக்க முடியாது. சீக்கிரம் முடிந்து, முடிந்த இடம் தெரியாமல் மறுபடி தொடங்க வேண்டும். ஆடுகிறவன் குகைக்குள் வழி தெரியாமல் அரைமணி சுற்றினால் அரைமணியும் அதே பாட்டுதான். ஒவ்வொரு சண்டையிலும் ஜெயித்தவுடன் அதே வெற்றி முழக்கம், நூற்றுக்கணக்கான தடவை. முதல் தடவை கேட்டு “ஆகா” சொல்ல வைப்பது சுலபம். கை வேறு வேலையில் இருக்கும்போது நூறாவது தடவையும் கூடவே வருகிற மாதிரி செய்வதுதான் கஷ்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொடரின் முகப்பு இசையைத் திண்ணையில் சத்தமாகப் போட்டான். ஒவ்வொரு ஸ்வரமாகப் படிப்படியாக மேலே ஏறும், அப்படியே இறங்கும், திரும்ப ஏறும். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த எங்கம்மா கை நிற்காமல் சொன்னது: “இன்னாடா இது, ஏத்தம் எறைக்கிற மாதிரி இருக்கு.”

அம்மாவுக்கு 76 வயது. ஏற்றம் ஓடியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறது. கடலோரப் பக்கம் மணலில் கிணறு ஆழமில்லை. ஏற்றத்து மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே சால் பிடிக்கிறவர் பாடுவார். பாட்டிலேயே எண்ணிக்கை இருக்கும். எத்தனை சால் இறைத்தாயிற்று என்று தனியாகக் கணக்கு வைக்க வேண்டாம். சால் ஏறி இறங்குகிற நேரம்தான் ஒரு அடியின் நீளம். அதுவும் சுற்றிச் சுற்றி வந்த பாட்டுதான். ஆயில் எஞ்சின் வந்தது, பிறகு கரண்டு மோட்டார். இடுப்பு தப்பித்தது. அதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் மோட்டாருக்கு எண்ணிக்கை தேவையில்லை, பாட்டும் போய்விட்டது.

1997ல் வந்த ஏழாவது ஆட்டத்தில் ஏரித் என்று ஒரு பூக்காரப் பெண். பாதிக் கதையில் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். உடனே ஒரு சண்டை வரும். சண்டை என்றால் படபடவென்று சண்டைப் பாட்டு வருவதுதான் வழக்கம். அங்கே வராது. அவளுக்கு உரிய அந்த மெல்லிய மெட்டே சண்டை முடியும்வரை ஓடும். “கை பட்டன அமுக்கிட்டே இருந்துச்சு சித்தப்பா, கண்ல தண்ணி” என்றான்.

அதைக் கேட்டதும் எனக்குப் பெரியம்மா ஞாபகம். அம்மாவும் பெரியம்மாவும் கேழ்வரகு நடவில் ஜோடி. அம்மா ஒரு அடி எடுத்துவிடும், பெரியம்மா பதில் அடி பாடும். பெரியம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது.

உவேமாட்சுவின் இசையைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் வாசிக்கின்றன. 2021 ஜூலை 23ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடு நாடாக அணிகள் நடந்து வந்தபோது ஒலித்ததே வீடியோ கேம் இசைதான். அதில் இவர் பாட்டும் உண்டு. நம் பக்கம் கி.வா.ஜகந்நாதனும் நா.வானமாமலையும் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார்கள். பெரிய காரியம். ஆனால் புத்தகத்தில் வார்த்தைதான் ஏறும். எங்கள் கொல்லையின் மெட்டு அம்மா தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது.

பையன் நாற்காலி போட்டு, எதிரில் போனை வைத்து, “பாடு ஆயா” என்றான். அம்மா ரெண்டு அடி பாடியது. அப்புறம் வரவில்லை. “மறந்துபோச்சுடா” என்று எழுந்து போய்விட்டது.

மறக்கவில்லை. பத்து நாள் கழித்து மல்லாட்டை பிடுங்கினோம். ஐப்பசி மழை இறங்குவதற்குள் காயை ஆய்ந்து முடிக்க வேண்டும் என்று எல்லோரும் செடிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கை வேகம் பிடித்தது. அம்மாவுக்குத் தானாகப் பாட்டு வந்தது. பையன் சத்தமில்லாமல் போனைக் கூடை ஓரத்தில் வைத்தான். 11 நிமிஷம் பதிவாகியிருக்கிறது.

ராத்திரி போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு அடிக்கும் பிறகு அம்மா நிறுத்துகிறது. காய் கூடையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு அடுத்த அடி. மூச்சு வாங்குகிறதாக்கும் என்று முதலில் நினைத்தேன். அம்மாதான் சொன்னது: “அது உங்க பெரிம்மா பாடற எடம்.” அந்தப் பதில் அடிகள் அம்மாவுக்குத் தெரியாது. பாட வேண்டிய தேவையே இருந்ததில்லையே.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆயாவையோ அம்மாச்சியையோ உட்கார வைத்துப் பாடச் சொல்லாதீர்கள், வராது. ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்து, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து ஆயுங்கள். போனை ஓரமாக வையுங்கள். ஜோடியாகப் பாடினவர்கள் ரெண்டு பேரும் இருந்தால், ரெண்டு பேரையும் கூப்பிடுங்கள்.