பாறை விளிம்பில் ஒரு குழல்

சில ஓவியங்களுக்கு முன்னால் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். பால் கோகன் 1889-இல் தீட்டிய 'பாறைமேல் குழலூதுபவன்' எனக்கு அப்படிப்பட்ட ஓவியம். மூலம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் அச்சான படமாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதற்கே அந்தப் பக்கத்தைப் புரட்ட மனம் வருவதில்லை.

செங்குத்தான கடற்கரைப் பாறை. கீழே அட்லாண்டிக். அங்கே ஒரு கிராமத்துப் பையன் ஃபிளாஜலெட் ஊதுகிறான். நம் புல்லாங்குழலைப்போல் குறுக்கே பிடிப்பதில்லை. நுனியில் வாய் வைத்து நேராகப் பிடித்து ஊதும் சின்னக் குழல் அது. பக்கத்தில் ஒரு சிறுமி. அவனைக் கேட்கக் கூடிய கூட்டம் எதுவும் இல்லை.

இடம், பிரான்சின் பிரிட்டனி பகுதியில் உள்ள லெ புல்து. ஓவியர்கள் மொய்த்த போன்-தாவென் ஊரின் இரைச்சலை விட்டு விலகி, அந்த ஆண்டு மரி ஆன்ரி என்பவரின் சத்திரத்தில் தங்கினார் கோகன். மாண்டலின் வாசிக்கத் தெரிந்தவர். பிரிட்டனியின் கருங்கல் தரையில் தன் மரக்காலணி எழுப்பும் கனத்த ஓசையைத்தான் ஓவியத்தில் தேடுவதாக 1888-இல் நண்பர் ஷுஃபெனெக்கருக்கு எழுதியிருந்தார். வண்ணத்தில் ஓசையைத் தேடிய மனிதரின் கண்ணில் இந்தப் பையன் பட்டது பொருத்தம்தான்.

1891-இல் விமர்சகர் அல்பேர் ஒரியே, ஓவியத்தில் குறியீட்டியத்தின் முன்னோடி என்று கோகனைக் கொண்டாடினார். கண்ணுக்குத் தெரிவதைப் பிரதி எடுப்பதல்ல, அதன் உட்பொருளைத் தீட்டுவதே கலை என்பது அவர் வாதம். குறியீடு என்றால் தேவதையும் சிறகும் வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இந்தப் படத்தில் அதெல்லாம் இல்லை. ஒரு பையன், ஒரு குழல், ஒரு கடல். அவ்வளவே.

ஆனால் அந்தக் கடலைக் கவனியுங்கள். ஆழம் காட்டி மிரட்டவில்லை. மேலிருந்து பார்க்கும் கோணத்தில், நுரை வெள்ளைக் கோலம்போல் தட்டையாகப் படிந்திருக்கிறது. நிஜத்தில் அந்த அலையோசையில் சின்னக் குழலின் ஒலி கரைந்தே போயிருக்கும். கோகன் தூரிகையால் கடலின் குரலைத் தணித்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பையனைப் பெரிதாக்காமல், அவனைச் சுற்றி உலகத்தைச் சற்று அமைதிப்படுத்தினார். ஓர் இளம் கலைஞனுக்கு மூத்த கலைஞன் செய்யக்கூடிய மரியாதை இதைவிட என்ன இருக்கிறது?

அந்தக் குழலோசை எவ்வளவு தூரம் எட்டியிருக்கும்? பக்கத்தில் இருக்கும் சிறுமிவரை. அவன் ஊதியதும் அந்தத் தூரத்துக்குத்தான்.