ஆறு என்றொரு பெயர்

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது என்று சின்ன வகுப்பிலேயே சொல்லித் தந்துவிட்டார்கள். மாரியில் ஓடிக் கோடையில் காணாமற்போகும் வழுக்கையாற்றை வேண்டுமானால் கணக்கில் சேர்க்கலாம். அப்படியானால் சந்நிதி முருகன் வாசலில் கிடக்கும் தொண்டைமானாறு? அது கடல்நீரேரியின் வாய். கரணவாய் உப்பை மரக்கலத்தில் ஏற்றிப்போகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தது என்பது செவிவழிக் கதை. வெட்டியவன் பெயர் நின்றது. ஆறு என்ற சொல்லும் கூடவே ஒட்டிக்கொண்டது. தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

வடக்கில் உயர்தரம் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இந்த ஊரின் பெயரைக் கேட்டால் சந்நிதியோடு பரீட்சையும் நினைவுக்கு வரும். வெளிக்கள நிலையத்தின் மாதிரி வினாத்தாளை நாங்கள் ‘தொண்டைமானாற்றுப் பேப்பர்’ என்போம். இலத்திரனின் சக்திச்சொட்டெண்கள் நான்கு, கடைசியானது தற்சுழற்சி, அதன் பெறுமானம் சக அரை அல்லது சய அரை என்று அந்தப் பேப்பருக்காகத்தான் பாடமாக்கினேன். எது சுழல்கிறது என்று நானும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை.

எங்கள் வீட்டில் சுழன்றது சைக்கிள் சில்லு. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. டோர்ச் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். இரவில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, தைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் தமிழோசையின் குரலும் ஓயும். “தம்பி, நிப்பாட்டாதை!” என்று சித்தப்பா கத்துவார்.

ஒருநாள் அந்தத் தைனமோவைக் கழற்றிப் பார்த்தேன். சுற்றிவர அசையாத கம்பிச்சுருள். நடுவில், அச்சோடு சேர்ந்து சுற்றும் சின்ன உருளைக் காந்தம். அதைத் தேய்ந்த ஆணியில் வைத்ததும் டக்கென்று பற்றியது. நான் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் அந்தப் பிடி விடவில்லை. ரேடியோவுக்குத்தான் என் கை வேண்டும், காந்தத்துக்கு வேண்டாம். சித்தப்பாவின் குட்டோடு அன்றைய ஆராய்ச்சி முடிந்தது.

அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்பது விளங்க எனக்குப் பல வருடம் எடுத்தது. நான் பாடமாக்கிய அந்தத் தற்சுழற்சியால் ஒவ்வோர் இலத்திரனும் பிறவியிலேயே ஒரு நுண்காந்தம். பெரும்பாலான பொருள்களில் இலத்திரன்கள் சோடி சேர்ந்து, ஒன்று மேலும் மற்றது கீழுமாய் நின்று, ஒன்றையொன்று அழித்துவிடும். தனி இரும்பணுவில் 26 இலத்திரன்கள். 22 சோடி சேர்ந்துவிட, நான்கு தனித்து நிற்கும். இரும்புக் கட்டியில் அணுக்கள் நெருங்கும்போது கணக்குக் கொஞ்சம் மாறும். ஆனாலும் தனித்து நிற்பவை கூட்டம் கூட்டமாக ஒரே திசை பார்க்கும். கூட்டங்களும் ஒரு பக்கமாகத் திரும்பினால் ஆணி ஒட்டும்.

பரீட்சைக்காரருக்குப் பிடிக்காத ஒரு விஷயம் தற்சுழற்சியின் வரலாற்றில் உண்டு: விடை முதலில் வந்தது, வினா பிறகு வந்தது. 1922இல் பிராங்பேர்ட் நகரில் ஸ்டேர்னும் கேர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப் புலமொன்றின் ஊடாக அனுப்பினார்கள். பழைய பௌதிகப்படி கண்ணாடித் தகட்டில் விரிந்த ஒரு படலம் விழவேண்டும். விழுந்ததோ பிளந்த இரண்டு கோடுகள். சக அரை, சய அரை, நடுவில் எதுவுமில்லை. அந்த இரண்டும் வெள்ளியின் நாற்பத்தேழாவது இலத்திரனின் வேலை என்று அவர்களுக்கே அப்போது தெரியாது.

1925இல் லைடனில் ஊலன்பெக், கௌட்ஸ்மிற் என்ற இரு இளைஞர்கள்தாம் இலத்திரன் தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதினார்கள். முதியவர் லோரன்ஸ் கணக்குப் பார்த்தார். அப்படிச் சுற்றினால் அதன் விளிம்பு ஒளிவேகத்தைப் பல மடங்கு தாண்ட வேண்டும். இளைஞர்கள் பயந்துபோய்க் கட்டுரையைத் திருப்பிக் கேட்டார்கள். ஆசிரியர் ஏரன்பெஸ்ற் அதை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். இளவயதில் ஒரு முட்டாள்தனம் மன்னிக்கப்படும் என்ற தோரணையில் தேற்றினார். 1928இல் டிராக், சார்புக் கொள்கையையும் சக்திச்சொட்டுக் கொள்கையையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்தபோது, எந்தப் பந்தையும் சுற்றாமலே அந்தக் காந்தத் திருப்பம் தானாக வந்து விழுந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

அப்போது அது பொய்ப் பெயரா? நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். 1915இல் ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் செய்த சோதனையைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். கம்பிச்சுருளுக்குள் ஓர் இரும்புக் கோலைத் தொங்கவிட்டு, அதன் காந்தத்தைத் தலைகீழாக்கினார்கள். யாரும் தொடாத கோல் தானே முறுகித் திரும்பியது. உள்ளே எதுவும் பம்பரமாய்ச் சுற்றவில்லை. ஆனால் அந்த நுண்காந்தங்களிடம் உள்ள கோண உந்தம் மெய்யானது. அது புரண்டபோது ஈடுசெய்ய முழு இரும்பும் அசைந்தது.

போன மாரியில் தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்றேன். உவர்நீர்த் தடுப்பணையின் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். வடமராட்சி வெள்ளமெல்லாம் கலங்கல் நிறத்தில், சுழித்துக்கொண்டு, இரைந்தபடி கடலுக்குப் போனது. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர், “ஆறு பாயுது, பாத்தியளோ?” என்றார்.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது என்று நான் திருத்தவில்லை.